மகள் பெயரில் ஓர் அறக்கட்டளை

அபாய மணி அடித்ததும் நீங்கள் எல்லோரும் எழுந்து படிக்கட்டை நோக்கி ஓடினீர்கள். நான் உட்கார்ந்து தேநீரைக் குடித்து முடித்தேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அரசாங்க அலுவலகத்தில் இவ்வளவு நல்ல தேநீர் கிடைப்பது அபூர்வம். ஆறவிட மனசு வரவில்லை. தவிர, மணி அடித்தால் எழுந்து ஓடும் பழக்கம் எனக்கு விட்டுப்போய் ரொம்ப நாளாகிறது. நான் வேலை பார்க்கும் இடத்தில் அது தினமும் அடிக்கும்.

யாரோ கழிப்பறையில் சிகரெட் பிடித்திருக்கிறார்கள் என்று உங்கள் காவலாளி சொல்லிவிட்டுப் போகிறார். அவ்வளவுதான் விஷயம். உட்காருங்கள், உங்களுக்கு மூச்சு வாங்குகிறது.

அந்த அம்மாள் நேற்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டார் என்றீர்கள். பெண்களுக்கு முடி வெட்டிப் பிழைக்கிறவர், கணவர் இல்லை, கடையும் வீடும் வாடகை. அப்படிப்பட்டவர் அமைச்சரின் தேர்தலுக்கு அத்தனை பெரிய தொகையைக் கொடுத்திருக்கிறார். எப்படி என்று கேட்டால், "நான்தான் திரட்டினேன், நான்தான் கொடுத்தேன், வேற யாருக்கும் தெரியாது" என்று கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்கிறார். அது உங்களுக்கு உறுத்துகிறது. அதனால்தான் என்னையும் விசாரணைக்குக் கூப்பிட்டீர்கள். உங்கள் கோப்பில் என் பெயருக்கு நேரே 'குடும்ப நண்பர்' என்று எழுதியிருந்ததை இங்கிருந்தே தலைகீழாகப் படித்தேன். சந்தோஷமாக இருந்தது. ஆனால் முழு விவரம் அது இல்லை. ஒளிவு மறைவு இல்லாமல் பேசுவது என் தொழில் என்பதால் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

மெத்தை செய்கிற கம்பெனியில் நான் வெளிப்படைத்தன்மைப் பிரிவின் தலைவர். பெயரைக் கேட்டால் சிரிப்பு வரும். அலுவலகத்தில் என் அறைக்குக் 'கண்ணாடிக் கடை' என்று பெயர். "உள்ளே போறப்ப கையில கல்லு இருந்தா வெளிய வெச்சுட்டுப் போங்க" என்பார்கள். நானும் சிரிப்பேன். கம்பெனி எந்தக் கட்சிக்கு, எந்த வேட்பாளருக்கு, எந்த வழியில் உதவ வேண்டும் என்று முடிவு செய்வது என் வேலையில் பாதி. அதை வெளியே எப்படிச் சொல்வது என்று முடிவு செய்வது மறு பாதி. முதல் பாதி சுலபம். கை நீட்டாத வேட்பாளரை நான் இன்னும் பார்க்கவில்லை.

எங்கள் முதலாளியை எல்லோரும் பெரியவர் என்போம். வேலைக்குச் சேர்ந்த அன்றே அவர் என்னிடம் சொன்னார்: "கொடுக்கறதுல தப்பே இல்லப்பா. கொடுத்தவன் யாருன்னு தெரியாமப் பாத்துக்க. அதுக்குத்தான் உனக்குச் சம்பளம்."

அப்போது ஒரு சட்டம் வந்தது. மெத்தைக்கான ஃபோம் அடுக்கி வைத்திருக்கும் கிடங்குகளில், சூடு ஏறினால் தானாகத் தண்ணீர் கொட்டும் குழாய்களைக் கூரை முழுவதும் பொருத்த வேண்டும். அதற்கு ஒரு கெடுத் தேதியும் போட்டார்கள். எங்களுக்கு அது பெரிய இடைஞ்சல். குழாய் போட வேண்டுமென்றால் கிடங்கைக் காலி செய்ய வேண்டும், பல மாதம் உற்பத்தி நிற்கும். ஆகவே ஓர் அமைச்சரின் தேர்தலுக்கு உதவினோம். அவர் ஜெயித்து வந்து கெடுத் தேதியை இரண்டு வருடம் தள்ளிப்போட்டார். நன்றி தெரிவிக்க எங்கள் முன் அலுவலகக் கூடத்தில் அவருக்கு ஒரு விழா எடுத்தோம். அவர் மேடையில் பேசிக்கொண்டிருந்தபோதுதான் பின்னால் கிடங்கு எரிந்தது.

பதினொரு பெண்களும் மேற்பார்வையாளரும் போனார்கள். ஃபோம் எரியும் புகையை ரொம்ப நேரம் சுவாசிக்க வேண்டியதில்லை. அந்த வகையில் அவர்கள் அதிகம் கஷ்டப்படவில்லை என்று மருத்துவர் சொன்னார். நான் அதைப் பத்திரிகைக் குறிப்பில் போட்டேன்.

அந்தப் பதினொரு பேரில் ஒருத்தி அந்த அம்மாளின் மகள். ஒரே மகள். கிடங்கிலேயே, செய்து முடித்த மெத்தையில் படுத்துப் பார்த்து மேடு பள்ளம் சொல்வது அவள் வேலை. "எம் பொண்ணு தூங்கியே சம்பளம் வாங்கறா" என்று அம்மாள் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பாராம். சிறந்த ஊழியர் என்று அந்த வருடம் அவளுக்குக் கம்பெனியின் பங்குகள் கொஞ்சம் பரிசாகக் கொடுத்திருந்தோம். அந்தத் தப்பை நாங்களே செய்தோம். மகள் போனதும் பங்குகள் தாயின் பெயருக்கு மாறின. பங்கு வைத்திருப்பவரை ஆண்டுக் கூட்டத்துக்கு வராதே என்று சொல்ல முடியாது.

முதல் வருடம் அவர் கடைசி வரிசையில் எழுந்து நின்றார்.

"தேதியைத் தள்ளிப்போட்டது அமைச்சர். அவரைத் தள்ளிப்போட வெச்சது யாரு? அவரு ஜெயிக்கறதுக்கு யாரோ காசு கட்டியிருக்காங்க. அது யாருன்னு மட்டும் சொல்லுங்க, நான் போயிடறேன்."

பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்ததாக ஒரு முதியவர் எழுந்து லாபப் பங்கு எப்போது வரும் என்று கேட்டார். இரண்டாம் வருடம் அம்மாள் அதே கேள்வியைக் கேட்டார். செத்துப்போன மற்றப் பெண்களின் தாய்மார்கள் வாசலில் நின்றார்கள். மூன்றாம் வருடம் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். கூட்டம் முடிந்ததும் பெரியவர் என்னைக் கூப்பிட்டு, "அந்தம்மாவ ஏதாவது பண்ணுப்பா" என்றார்.

நீங்கள் நினைப்பது போல இல்லை. எனக்கு ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும். நான் அவருடைய அழகு நிலையத்துக்குப் போனேன்.

சின்ன இடம். இரண்டு நாற்காலி, சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடி, ஓரத்தில் தலை கழுவும் தொட்டி. யாருக்கோ சாயம் பூசிக்கொண்டிருந்தார். என்னை யாரென்று தெரிந்ததும் சீப்பை மேசையில் வைத்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஆம்பளைங்களுக்கு இங்க வெட்டறதில்ல. ஆனா உங்க தலையப் பாத்தா பரிதாபமா இருக்கு. யாரு வெட்டினது, கடிச்சு வெச்ச மாதிரி?" என்றார்.

அன்று அவர் எனக்கு முடி வெட்டினார். அதன் பிறகு மாதம் தவறாமல் அவரிடம்தான் போனேன். அவர் என்னைத் தம்பி என்பார், நான் அக்கா என்பேன். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. அந்த வார்த்தை வாய்க்குச் சுகமாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

நான் அக்காவிடம் பொய் சொல்லவே இல்லை. "கம்பெனி உங்க கேள்விக்குப் பதில் சொல்லாதுக்கா, அங்க நான் ஒரு சாதாரண ஆளு" என்றேன். அது உண்மை. "ஆனா உங்க பொண்ணு பேரு நிலைக்கற மாதிரி ஏதாவது செய்யலாம்" என்றேன். அதுவும் உண்மை. பள்ளிக்கூடங்களில் தீ விபத்து முதலுதவி சொல்லிக்கொடுக்க, மகள் பெயரில் ஓர் அறக்கட்டளை. தலைவர் அக்கா. பணம் திரட்டுவதும் செலவு பார்ப்பதும் என் பொறுப்பு, சம்பளமில்லாமல்.

அக்கா கையிலிருந்த சீப்பைக் கழுவி வைத்தார். பிறகு, "அவ பேரு பலகையில எழுதுவாங்களா தம்பி?" என்று கேட்டார்.

பெரிய எழுத்தில் எழுதினோம்.

சட்டத்தை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். அறக்கட்டளைக்கு யார் பணம் கொடுத்தார் என்று வெளியே சொல்லத் தேவையில்லை. அறக்கட்டளை வெளியே கொடுத்தால், தலைவரின் கையெழுத்து வேண்டும். பெரியவரின் மைத்துனர்கள், எங்களிடம் சரக்கு எடுக்கும் வியாபாரிகள் என்று பல கைகள் வழியாகப் பணம் வந்தது. கொஞ்சம் பள்ளிகளுக்குப் போனது. குழந்தைகள் கட்டுப் போடக் கற்றுக்கொண்டார்கள், அக்கா முன் வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். மிச்சம் அமைச்சரின் அடுத்த தேர்தலுக்குப் போனது.

கையெழுத்து வாங்க நான் கடை மும்முரமாக இருக்கும் நேரமாகப் பார்த்துப் போவேன். அக்காவின் கையில் சாயம் இருக்கும். துடைத்துக்கொண்டு, தாளில் கறை படாமல் இரண்டு விரலால் பேனாவைப் பிடித்துப் போடுவார். கறை படக்கூடாது என்று தாளை நான் பிடித்துக்கொள்வேன்.

"என்னன்னு ஒரு தடவை படிச்சுடுங்கக்கா" என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். இதை எழுதிக்கொள்ளுங்கள், முக்கியம்.

"நீங்க படிச்சா போதாதா? என்னய இன்னொரு தடவை பள்ளிக்கூடம் அனுப்பாதீங்க தம்பி" என்பார். நாற்காலியில் இருக்கும் பெண்கள் சிரிப்பார்கள்.

அந்தத் தேர்தலில் அமைச்சரை எதிர்த்து நின்றவர் ஓய்வு பெற்ற தீயணைப்பு அதிகாரி. ஜெயித்தால், அமைச்சர் திரும்பத் திரும்பத் தள்ளிப்போட்ட குழாய்ச் சட்டத்தை மறுநாளே கொண்டுவருவேன் என்று ஊர் ஊராகப் பேசினார். எங்கள் கிடங்கு எரிந்த அன்று முதலில் உள்ளே போனவர் அவர்தான். அக்காவின் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவரும் அவர்தான். அக்கா அவர் பேச்சை எடுத்தாலே கையெடுத்துக் கும்பிடுவார்.

அறக்கட்டளைக்காக அக்காவை ஒரு படம் எடுத்தோம். மகளைப் பற்றிப் பேசச் சொன்னேன். நிறையப் பேசினார். நடுவில், "தீயணைப்பு வண்டி வந்தப்ப எல்லாம் முடிஞ்சு போச்சு. பாவம், அவங்க என்ன பண்ணுவாங்க?" என்றார். நாங்கள் முதல் வாக்கியத்தை வைத்துக்கொண்டோம். அதற்குப் பின்னால் அந்த அதிகாரியின் முகம், கீழே 'அன்று தாமதித்தவர்' என்ற எழுத்து. அவருடைய தொகுதி முழுக்கத் தொலைக்காட்சியில் ஓடவிட்டோம். அந்தப் பட்டுவாடாவிலும் அக்காவின் கையெழுத்துதான். அக்கா வேறு தொகுதியில் இருந்ததால் பார்க்கவில்லை. யாரோ சொன்னபோது, "எதிராளிங்க வெட்டி ஒட்டியிருப்பாங்கக்கா" என்றேன். யாருக்கு எதிராளி என்று அவர் கேட்கவில்லை.

அதிகாரி தோற்றார். அவர் வீட்டு வாசலில் கரியை அள்ளிக் கொட்டினார்கள். ஊரை விட்டுப் போய்விட்டார் என்று கேள்வி. குழாய்ச் சட்டத்தை அதன்பின் யாரும் எடுக்கவில்லை.

பிறகு தேர்தல் நிதி வெளிப்படைச் சட்டம் வந்தது. எந்த வேட்பாளருக்கு யார் பணம் கொடுத்தார் என்று பழைய கணக்கையும் சேர்த்துப் பெயரோடு வெளியிட வேண்டும். எங்கள் கம்பெனி அதை எதிர்த்தது என்று பத்திரிகைகள் எழுதின. இல்லை, நாங்கள் ஆதரித்தோம். மக்களுக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு என்று என் பெயரில் ஒரு கட்டுரைகூட வந்தது. கடையில் அக்கா அதை வெட்டிக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தார்.

"இனிமே மறைக்க முடியாதுல்ல தம்பி? யாரு காசு கட்டினாங்கன்னு வெளிய வந்துடும்ல?"

"வந்துடும்கா," என்றேன்.

முதல் தேர்தலுக்கு நாங்கள் கொடுத்தது ரொக்கம். அது எந்தக் கணக்கிலும் இல்லை. ஆகவே அமைச்சருக்கு நேரே வெளியான பட்டியலில் பெரிய தொகை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அக்கா தேர்தல் அலுவலகத்துக்கு விடிந்ததும் போய், கதவு திறக்கும் முன்பே வரிசையில் முதல் ஆளாக நின்றாராம். அங்கே சுவரில் ஒட்டிய பட்டியலில், அறக்கட்டளைக்கு வைத்த மகளின் பெயரைப் பார்த்தார். பக்கத்தில் தன் பெயரையும் பார்த்தார்.

அன்று மத்தியானம் நான் கடைக்குப் போனபோது வாசல் கண்ணாடி உடைந்து கிடந்தது. அவரோடு வருடா வருடம் கூட்டத்துக்கு வந்த இன்னொரு தாய் நடுத்தெருவில் நின்று கத்திக்கொண்டிருந்தார். "எம் பொண்ணும்தான்டி உள்ள கெடந்து வெந்தா. உம் பொண்ணு பொணத்துக்கு எவ்வளவு வாங்கின? சொல்லு, எனக்கும் பங்கு குடு." அக்கா உள்ளே துடைப்பத்தால் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். அடுத்தவர் வீட்டைக் கூட்டுவது மாதிரி நிதானமாகக் கூட்டினார்.

"யாரோ என் கையெழுத்தப் போட்டுட்டாங்க தம்பி. யாருன்னு நீங்கதான் கண்டுபிடிச்சுத் தரணும்," என்றார்.

என்மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. அது என்னைத் தொட்டது. ஆனால் முதலுதவிக்கென்று வாங்கிய பணத்தைத் தேர்தலுக்குத் திருப்பியது குற்றம். நீங்கள் ஆளைத் தேடி வருவீர்கள். 'எனக்குத் தெரியாது, தம்பிதான் கொண்டுவந்தார்' என்று அவர் சொன்னால், நீங்கள் எங்கே வருவீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

ஆகவே அக்காவை உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினேன். தெரியாது என்று சொன்னால் அறக்கட்டளையே மோசடி என்று தீர்ப்பாகும், கலைத்துவிடுவார்கள், மகளின் பெயரை எல்லாப் பள்ளிகளிலிருந்தும் சுரண்டி எடுப்பார்கள், அவள் பெயரைச் சொன்னாலே திருட்டு ஞாபகம் வரும். நானே செய்தேன் என்று சொன்னால் தப்பு தாயோடு போய்விடும். சில வருடம் உள்ளே இருக்க வேண்டும், அவ்வளவுதான். மகளின் பெயர் அப்படியே நிற்கும். வக்கீலையும் நானே ஏற்பாடு செய்தேன். நல்லவர், எங்கள் கம்பெனிக்குப் பல வருடமாக வேலை பார்க்கிறவர்.

அக்கா யோசிக்கக்கூட இல்லை. "அவ பேரு கெடாதுன்னா நான் எதையும் சொல்றேன்," என்றார். என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்தேன். நேற்று அவர் உங்களிடம் ஒப்பித்தது அதைத்தான்.

உங்கள் முகம் மாறுகிறது. இதற்கே மாறினால் எப்படி? நீங்கள் கேட்காத ஒன்று மிச்சம் இருக்கிறது.

மெத்தைத் தொழிற்சாலையில் ஃபோமை அறுக்கும்போது மாவு மாதிரித் தூசி பறக்கும். அதைப் புகை என்று நினைத்துக் கருவி மணி அடித்துவிடும். மணியை நிறுத்தும் பெட்டி முன் அலுவலகத்தில், வரவேற்பு மேசைக்குப் பின்னால் இருந்தது. அடிக்கும்போது பக்கத்தில் யார் இருக்கிறாரோ அவர் பொத்தானை அமுக்குவார். கிடங்கு மேற்பார்வையாளருக்குப் போன் செய்து, "தூசி" என்பார். எழுந்த பெண்கள் மறுபடி உட்காருவார்கள். யாரும் போய்ப் பார்ப்பதில்லை. எந்த விதிப் புத்தகத்திலும் இது கிடையாது, ஆனால் புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். "மணி அடிச்சா சோம்பல் முறி, போன் அடிச்சா வேலையப் பாரு" என்று பெண்கள் கேலி செய்வார்கள்.

விழா அன்று எல்லோரும் கூடத்துக்குள் இருந்தார்கள். மணி அடித்தபோது பெட்டிக்குப் பக்கத்தில் நான்தான் இருந்தேன். அமைச்சர் மேடையில், தொழிற்சாலைகள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளும், அரசாங்கம் மிரட்ட வேண்டியதில்லை என்று பேசிக்கொண்டிருந்தார். கேமராக்கள் ஓடின. மணிச் சத்தத்தில் அவர் பேச்சை நிறுத்தி என் பக்கம் திரும்பிப் பார்த்தார். பெட்டியில் இரண்டு விளக்குகள் உண்டு. தூசிக்கு எரிவது மஞ்சள். சூட்டுக்கு எரிவது சிவப்பு. அன்று எரிந்தது சிவப்பு.

நான் பார்த்தேன். கவனிக்கவில்லை, அவசரம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். தெளிவாகப் பார்த்தேன். பேச்சு முடிய இரண்டு மூன்று நிமிடம்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். அதற்குள் அப்படி என்ன ஆகிவிடும் என்று தோன்றியது. பொத்தானை அமுக்கினேன். போன் செய்தேன். மேற்பார்வையாளர், "சார், பொண்ணுங்க வாசல் வரைக்கும் வந்துட்டாங்க, ஏதோ வாடை வருதுங்கறாங்க" என்றார். "தூசி. உள்ள அனுப்புங்க. அமைச்சர் இருக்கார், கூட்டமா வெளிய வந்து நின்னா அசிங்கம்" என்றேன். அவர், "சரிங்க சார்" என்றார். நல்ல மனிதர். அவர்களோடு அவரும் உள்ளே போனார். அதனால் அந்தப் போன் பற்றிச் சொல்ல இன்று என்னைத் தவிர வேறு ஆள் இல்லை.

அமைச்சரின் பேச்சு நன்றாக முடிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். அக்காவிடம் கொஞ்சம் இரக்கமாக நடந்துகொள்ளுங்கள் என்று சொல்லத்தான். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு என்னைத் தவிர நாதியும் இல்லை. சொன்னதை எல்லாம் நீங்கள் எழுதிக்கொள்ளலாம். கீழே நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஒரு கையெழுத்து என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

இன்று காலை உள்ளே வரும்போது தாழ்வாரத்துப் பெஞ்சில் அவரைப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு பெண் போலீஸ். மடியில் மாற்றுத் துணியோடு ஒரு பை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"முடி வளந்துடுச்சே தம்பி. உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு தடவை வெட்டி விட்டிருக்கலாம்," என்றார்.

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். விரலில் சாயக் கறை இன்னும் போகவில்லை.

"நான் எத்தன வருசம் உள்ள இருந்தாலும் பரவால்ல தம்பி. எம் பொண்ணு பேரு மட்டும் நிக்கணும். நான் இல்லன்னு அறக்கட்டளைய மூடிடாம நீங்க பாத்துக்குவீங்கல்ல?"

அந்த நேரத்தில் அவருக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே தோன்றியது. கையை அழுத்திப் பிடித்துச் சொன்னேன்:

"கவலையே படாதீங்கக்கா, அடுத்த தேர்தலையும் அவ பேர்லயே நடத்திடுவோம்."